குழந்தை எந்த மாநிலத்தில் பிறக்கிறது என்பதில் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அங்கன்வாடிப் பணியாளர்களோடும் கல்லூரி மாணவர்களோடும் குழந்தைகள் நலம் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான எண்கள் 2019-21 தேசிய குடும்பநல ஆய்விலிருந்தும் (ஐந்தாவது சுற்று), பிறப்பு இறப்பைக் கணக்கிடும் மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்தும் எடுத்தவை. வேறு ஆண்டு என்றால் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

நாடு ஒண்ணு, சட்டம் ஒண்ணு. அப்புறம் எப்படி மாநிலத்துக்கு மாநிலம் குழந்தைங்க நிலைமை இவ்வளவு மாறும்?

எவ்வளவு மாறுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 2020இல் கேரளத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது முடிவதற்குள் இறந்தவை 6. மத்தியப் பிரதேசத்தில் 43. தமிழ்நாட்டில் 13. நாட்டின் சராசரி 28. ஒரே பாஸ்போர்ட் வைத்திருக்கும் இரண்டு குழந்தைகளுக்கு நடுவே ஏழு மடங்கு வித்தியாசம் இருக்கிறது.

சட்டம் ஒன்று என்பதும் பாதிதான் சரி. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் இருப்பவை. தடுப்பூசித் திட்டத்தையும் அங்கன்வாடித் திட்டத்தையும் டெல்லி வகுக்கலாம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் இருக்கிறாரா, அங்கன்வாடிக்குச் சத்துமாவு மாதா மாதம் வந்து சேர்கிறதா என்பதெல்லாம் மாநில நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன.

குழந்தை நலம்னு சொல்றீங்களே, அதை எதை வெச்சு அளக்கிறாங்க?

ஒரே அளவுகோல் கிடையாது. முதலாவது, உயிர் பிழைப்பது: ஒரு வயதுக்குள் இறப்பு (சிசு மரணம்), ஐந்து வயதுக்குள் இறப்பு. இரண்டாவது, உடல் வளர்ச்சி. வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டால் வளர்ச்சிக் குறைவு அல்லது உயரக் குறைவு என்கிறார்கள். நீண்ட நாள் பற்றாக்குறையின் தழும்பு அது. உயரத்துக்கேற்ற எடை இல்லாவிட்டால் மெலிவு. அது அண்மையில் வந்த பசியையோ நோயையோ காட்டும். இவை போக ரத்தசோகை, தடுப்பூசி, பள்ளி, குழந்தைத் திருமணம், பெண் குழந்தைகளின் விகிதம் எல்லாம் உண்டு.

இவற்றில் எதைக் கையில் எடுக்கிறோமோ அதற்கேற்ப இந்தியாவின் வரைபடமே மாறிவிடும்.

சரி, எந்த மாநிலம் முதலிடம், எது கடைசி? ஒரே பட்டியலா சொல்லுங்களேன்.

அப்படி ஒரு பட்டியலைப் போடச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். போட்டால் தவறாகத்தான் போகும். பீகாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் அங்கே சிசு மரணம் ஆயிரத்துக்கு 27, அதாவது நாட்டின் சராசரியைவிட ஒரு படி கீழே. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 42.9 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. மேகாலயாவில் உயரக் குறைவு 46.5 சதவீதம், நாட்டிலேயே அதிகம். அதே மாநிலத்தில் மெலிவு 12.1 சதவீதம்தான், தமிழ்நாட்டைவிடவும் (14.6) குறைவு. மேற்கு வங்கத்தில் சிசு மரணம் 19. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 41.6 சதவீதம் பேருக்கு அங்கே பதினெட்டுக்கு முன்பே திருமணம் முடிந்திருந்தது.

பீகாரில் இது எப்படி நடந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். 2005-06இல் அங்கே மருத்துவமனையில் நடந்த பிரசவங்கள் நூற்றுக்கு 20. ஐந்தாவது சுற்றில் 76. பிரசவம் மருத்துவமனைக்கு வந்தது, தடுப்பூசி பரவியது, சாவு குறைந்தது. இவற்றை ஒரு அரசு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செய்துவிட முடியும். குழந்தையின் உயரம் அப்படி வருவதில்லை. தாய் எந்த வயதில் கர்ப்பமானாள், கர்ப்பத்தில் எவ்வளவு எடை கூடினாள், வீட்டில் கழிப்பறை உண்டா, ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு என்ன ஊட்டினார்கள் என்று அது பல திசையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. சாவைத் தடுப்பதும் வளர்ப்பதும் வேறு வேறு வேலைகள்.

பணக்கார மாநிலம்னா அங்க குழந்தைங்க நல்லா இருப்பாங்கதானே?

குஜராத்தைப் பாருங்கள். தொழில், துறைமுகம், தனிநபர் வருமானம் எல்லாவற்றிலும் முன்வரிசை. உயரக் குறைவு 39 சதவீதம், மெலிவு 25.1 சதவீதம், குழந்தைகளிடையே ரத்தசோகை 79.7 சதவீதம். மகாராஷ்டிரத்தில் மெலிவு 25.6. இரண்டுமே நாட்டுச் சராசரியான 19.3ஐ வெகுவாகத் தாண்டி நிற்கின்றன.

வருமானம் உதவாது என்று சொல்ல வரவில்லை. எந்த மாநிலத்திலும் வசதியான வீட்டுக் குழந்தை ஏழை வீட்டுக் குழந்தையைவிட உயரமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாநிலத்தின் மொத்த வருமானம் தானாகக் குழந்தையின் தட்டுக்கு வருவதில்லை. சூரத்தும் அகமதாபாத்தும் சேர்ந்து கூட்டும் சராசரிக்குள்தான் கிழக்கு குஜராத்தின் பழங்குடி மாவட்டங்களும் ஒளிந்திருக்கின்றன.

நம்ம ஆளுங்க பரம்பரையாவே குள்ளம். வெள்ளைக்காரன் அளவுகோலை வெச்சு அளந்தா அப்படித்தானே வரும்?

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைதான் இந்த அளவுகோல். அது வெள்ளைக்காரக் குழந்தைகளை மட்டும் அளந்து போட்டதன்று. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் கிடைத்த குழந்தைகளை அளந்து உருவாக்கினார்கள். இந்தியாவுக்காக அளக்கப்பட்டவர்கள் டெல்லிக் குழந்தைகள். வசதி ஒரேமாதிரி கிடைத்தபோது ஆறு நாட்டுக் குழந்தைகளும் கிட்டத்தட்ட ஒரேமாதிரி வளர்ந்தார்கள்.

பரம்பரை என்ற விளக்கத்துக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. 2005-06இல் இந்தியாவில் உயரக் குறைவு 48 சதவீதம், 2019-21இல் 35.5. பதினைந்து ஆண்டில் மரபணு மாறாது. தனிப்பட்ட குழந்தை விஷயத்தில் பெற்றோரின் உயரம் ஓரளவு பேசும்தான். லட்சக்கணக்கான குழந்தைகளின் சராசரி குறைகிறதென்றால் அதற்குக் காரணம் வேறு.

தமிழ்நாடு எப்பவுமே இப்படி நல்லாத்தான் இருந்துச்சா?

இல்லவே இல்லை. 1971இல் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அன்றைய நாட்டுச் சராசரி 129. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அப்போதே கேரளம் 58இல் இருந்தது. தமிழ்நாடு 2005இல் 37, 2020இல் 13. அந்த இறக்கம் ஒரே ஆட்சியிலோ ஒரே திட்டத்திலோ வந்ததல்ல.

மதிய உணவு பற்றி எல்லோருக்கும் தெரியும்: 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., முட்டை போடத் தொடங்கிய கருணாநிதி, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. இதைவிடக் குறைவாகப் பேசப்படும் சில விஷயங்களே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இங்கே இருந்துவருகிறது. 1939லேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. 1994இல் மருந்துகளை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தளிக்கத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் மாத்திரை இருக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் மக்கள் அங்கே போவார்கள். அடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஷிப்ட் முறையில் நர்ஸ்களைப் போட்டு 24 மணி நேரப் பிரசவம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதி. ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்தவை.

பாராட்டு விழாக்களில் இவை வருவதில்லை. மருந்துக் கிடங்கை யார் மேடையில் புகழ்வார்கள்?

அப்போ சத்துணவு போட்டதாலதான் எல்லாம் சரியாச்சுன்னு சொல்றது தப்பா?

பாதி தப்பு. உயரக் குறைவு பெரும்பாலும் கருவிலும் முதல் இரண்டு வயதிலும் தீர்மானமாகிவிடுகிறது. பள்ளியில் கிடைக்கும் சோறு ஐந்து வயதுக்கு மேல் வருகிறது. சிசு மரணத்திலோ இன்னும் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும். 2020இன் தேசியக் கணக்கான 28இல் 20 மரணங்கள் பிறந்த முதல் 28 நாட்களுக்குள் நடந்தவை. அந்த வயதுக் குழந்தைக்குச் சத்துணவுக்கூடத்தால் என்ன செய்ய முடியும்?

அந்த வயதைக் குறிவைத்து 1980இல் உலக வங்கிக் கடனில் இங்கே ஒரு திட்டம் தொடங்கியது: தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்து, தாயிடம் உட்கார்ந்து பேசினார்கள். எடை ஏறத் தொடங்கியதும் நிறுத்தினார்கள். அது சத்துணவு அளவுக்குப் புகழ் பெறவில்லை.

ஆனால் சத்துணவுக்கு ஒரு தாமதமான பலன் உண்டு. 2021இல் வெளியான ஆய்வு ஒன்று, பள்ளியில் மதிய உணவு கிடைத்த சிறுமிகள் பின்னாளில் தாயானபோது அவர்களுடைய குழந்தைகளுக்கு உயரக் குறைவு குறைவாக இருந்ததைக் கண்டது. சோறு போட்டதற்கான கணக்கை அடுத்த தலைமுறையில்தான் பார்க்க முடிகிறது.

கேரளாவுக்கு மட்டும் என்ன ரகசியம்?

காலம்தான் முதல் பதில். திருவிதாங்கூரில் 1817லேயே கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் ஆணை பிறப்பித்தார். 1879இல் அரசு ஊழியர், மாணவர், கைதிகளுக்கு அம்மைத் தடுப்பூசி கட்டாயமானது. பின்பு சாதி எதிர்ப்பு இயக்கங்கள், நிலச் சீர்திருத்தம். 2011 கணக்கெடுப்பில் கேரளப் பெண்களின் எழுத்தறிவு சுமார் 92 சதவீதம், பீகாரில் ஏறக்குறைய பாதிதான். படித்த தாய் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகிறாள், அங்கே டாக்டர் இல்லாவிட்டால் சத்தம் போடுகிறாள். அந்தச் சத்தம் முக்கியம்.

ஆனாலும் மன்னர் காலத்தோடு கதை முடியவில்லை. மலபார் 1956 வரை சென்னை மாகாணத்தில், அதாவது நம்மோடு, பின்தங்கிய மாவட்டமாக இருந்தது. கேரளத்தோடு சேர்ந்த பிறகுதான் திருவிதாங்கூருக்கும் அதற்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. 2023இல் கேரளத்தின் சிசு மரணம் 5, நாட்டுச் சராசரி 25.

எல்லாம் ஏறுமுகமும் இல்லை. அங்கே உயரக் குறைவு குடும்பநல ஆய்வின் நான்காவது சுற்றில் (2015-16) 19.7 சதவீதமாக இருந்து ஐந்தாவதில் 23.4 ஆகியிருக்கிறது. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் 2013இல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது.

வடக்கு மோசம், தெற்கு நல்லதுன்னு மனசுல வெச்சுக்கலாமா?

வேண்டாம். கர்நாடகத்தில் உயரக் குறைவு 35.4 சதவீதம், நாட்டுச் சராசரிதான். தெலங்கானாவில் நான்காவது சுற்றில் 28 ஆக இருந்தது ஐந்தாவதில் 33.1. அதேசமயம் பஞ்சாபில் 24.5, மணிப்பூரில் 23.4, சிக்கிமில் 22.3. தமிழ்நாடு 25.

கர்நாடகத்துக்குள்ளேயே பழைய ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்த வடகிழக்கு மாவட்டங்களுக்கும் பழைய மைசூர் பகுதிக்கும் உள்ள தூரம் அரசியலமைப்பையே திருத்தும் அளவுக்குப் போனது. அந்த மாவட்டங்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் 371ஜே பிரிவு அதற்காக வந்ததுதான்.

அப்போ மாவட்ட வாரியா பார்த்தா போதுமா?

மாநிலத்தைவிட அது மேல். ஆனால் மாவட்டமும் ஒரு சராசரிதான். 2018இல் மத்திய அரசு பின்தங்கிய 112 மாவட்டங்களை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டில் விருதுநகரும் ராமநாதபுரமும் அதில் உண்டு, கேரளத்தில் வயநாடு. அட்டப்பாடி இருக்கும் பாலக்காட்டுக்கு இடமில்லை, ஏனென்றால் மாவட்டம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அட்டப்பாடி தெரியாது. கல்வராயன் மலைக்கும் ஜவ்வாது மலைக்கும் இதே கதைதான்.

இன்னொரு எச்சரிக்கை. ஐந்தாவது சுற்று 707 மாவட்டங்களில் சுமார் 6.37 லட்சம் வீடுகளைத் தொட்டது. மாவட்டத்துக்கு ஏறக்குறைய 900 வீடு. அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இன்னும் குறைவு. எனவே உங்கள் மாவட்டம் பக்கத்து மாவட்டத்தைவிட இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறது என்று செய்தி வந்தால் பதற்றப்பட வேண்டாம். பத்துப் புள்ளி என்றால் கவலைப்படுங்கள்.

பெண் குழந்தைங்க விஷயத்துலயும் இதே வரைபடம்தானா?

இது முற்றிலும் வேறு வரைபடம். மேலே உயரத்தில் நல்ல பெயர் வாங்கிய பஞ்சாபில், 2011 கணக்கெடுப்பில், ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 846 பெண் குழந்தைகள்தான். ஹரியானாவில் 834. கருவில் இருப்பது பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துக் கலைக்கக் கையில் காசு வேண்டும் என்பதால் வசதியும் இந்தக் குற்றமும் பல இடங்களில் சேர்ந்தே நடந்தன.

தமிழ்நாட்டு எண் 943, தேசிய அளவைவிட நல்லது. ஆனால் 2001இல் தருமபுரியில் 826, சேலத்தில் 851. எண்பதுகளில் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலைகள் வெளிச்சத்துக்கு வந்தன. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2011இல் அந்த இரண்டு மாவட்டங்களும் 900ஐத் தாண்டின. அதே கணக்கெடுப்பில் கடலூரும் அரியலூரும் 900க்குக் கீழே வந்து நின்றன. ஓரிடத்தில் அணைத்தால் இன்னோரிடத்தில் புகைகிறது.

ரத்தசோகை தமிழ்நாட்டுலயும் பாதிப் பிள்ளைகளுக்கு மேல இருக்காமே, உண்மையா?

உண்மை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 57.4 சதவீதம். முந்தைய சுற்றில் 50.7. நாட்டிலும் 58.6இலிருந்து 67.1 ஆகக் கூடியது. விரலில் குத்தி எடுக்கும் துளி ரத்தத்தில் அளப்பதால் எண் கூடுதலாக வருகிறது என்று ஒரு தரப்பு வல்லுநர்கள் வாதிடுகிறார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் பிரச்சினை சின்னதாகிவிடாது. சோறும் ரசமும் பாலும் மட்டும் ஊட்டப்படும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இரும்புச்சத்து எங்கிருந்து வரும்? கீரை, முட்டை, ஈரல், பயறு என்று சொன்னால் "சின்னக் குழந்தைக்குச் செரிக்காது" என்று பாட்டிகள் தடுக்கிறார்கள். வயிற்றுப் பூச்சிக்கான மருந்து கொடுப்பதும் விட்டுப்போகிறது.

சாப்பாடு சரி. நம்ம பிள்ளைங்களுக்கு வாசிக்கவே தெரியலைன்னு அறிக்கை வந்துச்சே?

கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் ஆய்வின் 2022 அறிக்கையைச் சொல்கிறீர்கள். கிராமப்புறத் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம், நாட்டில் 20.5. மொழிக்கு மொழி பாடத்தின் கடினம் மாறும் என்பதால் மாநிலங்களை ஒன்றோடொன்று நேராக ஒப்பிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டைத் தமிழ்நாட்டோடு ஒப்பிடலாம்: 2018இல் 10.2. கொரோனாவில் பள்ளி மூடிய காலம் அதில் தெரிகிறது. இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் ஆகிய அரசுத் திட்டங்கள் அந்த இழப்பை ஈடுகட்ட வந்தவைதான். பீகாரைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதில் நாம் கெட்டிக்காரர்கள், கற்பிப்பது வேறு வேலை.

திருப்பூர்ல, செங்கல் சூளைல வேலை பாக்குற வடமாநிலத்துக்காரங்க பிள்ளைங்க எந்தக் கணக்குல வருவாங்க?

பல நேரம் எதிலும் வருவதில்லை. ஊரில் உள்ள அங்கன்வாடிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், குழந்தை இங்கே இருக்கும். தடுப்பூசி அட்டை ஊரில் தங்கிவிடும். குடும்பநல ஆய்வு வீடுகளைப் பட்டியலிட்டுத்தான் மாதிரி எடுக்கிறது, வேலைத்தளக் கொட்டகைகள் அதில் எளிதாகத் தப்பிவிடும். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் எத்தனை பேர் என்பதே ஊகம்தான்.

நம் மாநிலத்துக்குள் வந்த பீகார்க் குழந்தைக்குத் தமிழ்நாட்டு எண்கள் தானாகப் பொருந்தாது. எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் 'ரோஷ்ணி' என்ற திட்டத்தில் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி தெரிந்தவர்களை வைத்துப் பாடம் சொல்லித்தந்தது.

பின்தங்கின மாநிலம் மேல வர முடியுமா, இல்ல தலைவிதியா?

ஒடிசாவைப் பாருங்கள். 2005இல் சிசு மரணம் 75, 2020இல் 36. உயரக் குறைவு 2005-06இல் 45 சதவீதம், 2019-21இல் 31. தேசிய சராசரியைவிடக் கீழே. முழுத் தடுப்பூசி 90.5 சதவீதம், தமிழ்நாட்டைவிட (89.2) ஒரு இழை மேலே. 2011இல் கர்ப்பிணிகளுக்கு 'மமதா' உதவித்தொகை, அங்கன்வாடியில் முட்டை என்று அடுத்தடுத்துச் செய்தார்கள். இத்தனையும் ஒடிசா ஏழை மாநிலமாக இருந்தபோதே நடந்தவை.

அதே காலத்தில் மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக்கு முட்டை கொடுக்கும் யோசனையை முதலமைச்சரே நிராகரித்தார். காரணம் காசு அல்ல.

ஒழுங்கா செஞ்ச மாநிலத்துக்குப் பணத்தைக் குறைச்சு, செய்யாதவங்களுக்கு அள்ளிக் கொடுக்குறது நியாயமா?

இந்தக் கேள்வி வரும்போது அரங்கம் சூடாகிவிடும். 15ஆவது நிதிக்குழு (2021-26) பகிர்ந்த வரியில் உத்தரப் பிரதேசத்துக்குச் சுமார் 17.9 சதவீதம், பீகாருக்குச் சுமார் 10, தமிழ்நாட்டுக்கு 4.079. நமக்கு வருத்தம் இருப்பது இயல்பு, எனக்கும் உண்டு. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு அந்தச் சூத்திரத்தில் நூற்றுக்கு 12.5 புள்ளிதான், வருமானத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு 45.

ஆனால் குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால், மத்தியப் பிரதேசத்தில் பிறக்கும் குழந்தை அந்த அரசைத் தேர்ந்தெடுக்கவில்லை. பணம் போவதை எதிர்ப்பதைவிட, போன பணத்தில் எத்தனை நர்ஸ் பணியிடம் நிரப்பப்பட்டது என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. குஜராத் பற்றிய பதிலில் சொன்னதுபோல், பணம் மட்டும் குழந்தைவரை வந்து சேராது.

எங்க ஊர் நிலவரத்தை நானே எப்படித் தெரிஞ்சுக்கறது?

மாவட்டத்துக்கு: தேசிய குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்காவது, ஐந்தாவது சுற்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே சுற்றை மட்டும் பார்த்தால் திசை தெரியாது.

ஊருக்கு: உங்கள் தெரு அங்கன்வாடிக்குப் போய், இந்த மாதம் எத்தனை குழந்தைகளுக்கு எடையும் உயரமும் எடுத்தார்கள், எத்தனை பேர் எடை ஏறவில்லை என்று கேளுங்கள். குழந்தைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். எடை இயந்திரம் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் எத்தனை கிராமங்களைப் பார்க்கிறார், மலைக் குடியிருப்புக்கு மாதம் எத்தனை முறை போக முடிகிறது என்று அவரிடமே கேட்டால் சொல்வார். கிடைத்ததைக் கிராமசபையில் கேள்வியாக வைக்கலாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதினால்தான் அடுத்த கூட்டத்தில் பதில் கேட்க முடியும்.